அடுப்படி லைன்

ராமசுப்பிரமணியன் வீட்டுக்கு வயரிங் செய்ய ஆள் வேண்டும் என்றபோது கருவேலங்குளத்தில் எல்லோர் வாயிலும் வந்த பெயர் சின்னச்சாமிதான். ராமநாதபுரத்திலிருந்தும் ஆள் கூப்பிடலாம். ஆனால் டவுன் எலக்ட்ரீசியனைப் பற்றிக் கேட்பானேன்! இன்றைக்கு வருகிறேன் என்பான், அடுத்த வாரம் வருவான், பாதிச் சுவரைத் துளைத்துப் போட்டுவிட்டுக் கல்யாண வீட்டு சீரியல் செட்டுக்கு ஓடிவிடுவான். சின்னச்சாமி உள்ளூர்க்காரன். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் லாட்ஜாக வயர் இழுத்துத் தொழில் பழகினவன். பெரியபட்டினத்தில் பாதி வீடுகளில் அவன் போட்ட லைட்டுதான் எரிகிறது. அவனிடம் ஊர் சொன்ன ஒரே குறை, அவன் குடியிருந்தது காலனியில் என்பது.

"அதுக்கென்ன? அடுப்படியும் சாமி ரூமும் போக மத்த இடத்தையெல்லாம் அவன் பாக்கட்டும்" என்றார் ராமசுப்பிரமணியன். என்னே பெரிய மனசு! அவருடைய தாராளத்தைப் பற்றி டீக்கடையில் இரண்டு நாள் பேசினார்கள்.

சின்னச்சாமிக்கும் இதில் ரோசம் பொத்துக்கொண்டு வரவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த வீட்டு வேலை அவனுக்கு வேண்டியிருந்தது. பெரிய வீட்டுக்கு லைன் இழுத்தவன் என்று பெயர் வந்துவிட்டால் சுற்றுப்பட்டியெல்லாம் கூப்பிடும். அவன் பெண்டாட்டி ராக்கு அந்த வீட்டுத் தொழுவத்தில்தான் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். "நம்மள உள்ள விட்டா என்ன, விடாட்டி என்ன. நம்ம போட்ட லைட்டு உள்ள எரியும்ல" என்று அவளிடம் பீற்றிக்கொண்டான். "ஆமா, எரியும் எரியும்" என்று சொல்லிவிட்டு ராக்கு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

முன்வாசல், பட்டாலைக் கூடம், இரண்டு அறை, நெல் போடும் அறை எல்லாம் ஒழுங்காக முடிந்தன. மரக்கட்டை அடித்து, அதன்மேல் வயரைச் சீராக ஓட்டி, கிளிப் வைத்து இறுக்கியிருந்தான். சும்மா சொல்லக்கூடாது, நூல் பிடித்த மாதிரி இருந்தது. மிச்சமிருந்தது அடுப்படி. அங்கே ஒரு பல்பும், மாவாட்டுகிற மெஷினுக்கு ஒரு லைனும் வேண்டும். அந்த மெஷினுக்காகத்தான் இந்த வயரிங்கே. ராமசுப்பிரமணியனின் மனைவி உமையாளுக்கு ஆட்டுக்கல்லைச் சுற்றிச் சுற்றி வலது தோள் இறங்கிப்போயிருந்தது. ராத்திரி வலியில் அவள் முனகுவது பொறுக்காமல், மனிதர் தானே போய் ராமநாதபுரத்தில் மெஷின் வாங்கி, பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தார். மனைவிமேல் பாசம் இல்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

"நீ பின்னாடி சன்னலுக்கு வெளியில நின்னு சொல்லு. நான் மாட்டுறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே முக்காலியில் ஏறினார்.

சின்னச்சாமி வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து சன்னல் கம்பிக்கு வெளியே நின்றான். அவருடைய முதுகுதான் தெரிந்தது. கை என்ன செய்கிறது என்று தெரியவில்லை.

"அய்யா, செவப்ப சுவிச்சு வழியா விடுங்க. அதுலதேன் கரண்டு வரும். கறுப்பு நேரா மெசினுக்குப் போகட்டும். பச்சைய மெசினு இரும்புல முறுக்கிருங்க, அது ஆளக் காப்பாத்துற வயரு."

"தெரியும்டா. நான் என்ன பச்சப்புள்ளையா?"

"பிளக்கு ஒண்ணு போட்டுட்டா நல்லதுங்கய்யா. வேணாங்கும்போது புடுங்கி வச்சிரலாம்."

"பிளக்கும் வேணாம், ஒரு கழுதையும் வேணாம். நேராக் குடுத்தாச்சு. போயி பீஸைப் போடு."

"பச்சை மாட்டியாச்சுங்களா?"

"ஆச்சு ஆச்சு."

சின்னச்சாமி முன்வாசல் மெயின் போர்டுக்குப் போய், அடுப்படிக்குக் கரண்டு விடுகிற பீஸ் கட்டையை, அதாவது ஃபியூஸை, செருகினான். உள்ளே மெஷின் கடகடவென்று சுற்றும் சத்தம் கேட்டது. உமையாள் சின்னப்பெண் மாதிரி சிரித்தாள். ஐம்பதை நெருங்கிய அந்த அம்மாள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதே இல்லை. அவனுக்கும் சந்தோசமாக இருந்தது.

"டெஸ்டர வச்சு நான் ஒருதரம் பாத்துட்டா..." என்று இழுத்தான்.

"அதான் ஓடுதுல்ல? பெறகு என்னத்தப் பாக்கப் போற?"

அந்த இடத்தில் அவன் இன்னொரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. கூலியை அவர் கீழே வைக்க, அதை எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்துவிட்டான்.

எண்பத்தெட்டாம் வருசத்துக் கோடை அது. ஊருணி வற்றி, அடியில் தோண்டிய ஊற்றில் அகப்பையால் மொண்டு குடம் நிரப்பவேண்டிய காலம். அந்த நேரத்தில்தான் உமையாள் ஒருநாள் பின்வாசலில் நின்று ராக்குவிடம் சொன்னாள். "மெசினைத் தொட்டா எறும்பு கடிச்ச மாதிரி சுர்ருங்குது ராக்கு. ஒன் வீட்டுக்காரன்ட்ட என்னன்னு கேளு."

ராக்கு வந்து சொன்னதும் சின்னச்சாமி பொறுக்கவில்லை. மறுநாளே களத்துமேட்டுக்குப் போனான். ராமசுப்பிரமணியன் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார்.

"அய்யா, அடுப்படி லைன ஒருதரம் பாத்துட்டா தேவலை. அம்மாவுக்கு லேசா அடிக்கிதாம்."

"ஏலே, நான் போட்ட லைன்ல குத்தம் கண்டுபிடிக்க வந்துட்டியா?" என்று அவர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். "லேசா அடிச்சா நல்லதுதேன். தோள் வலிக்கு அந்தக் காலத்துல காசு குடுத்து கரண்டு வச்சாக, தெரியுமா?"

சிரிப்பு அடங்குவதற்குள் சின்னச்சாமி நடையைக் கட்டினான். வீட்டில் ராக்கு, "அவுக வீடு, அவுக மெசினு. விட்டுத்தள்ளுங்க" என்றாள்.

"விட்டா ஆள் போயிரும் ராக்கு."

அவன் குரலைக் கேட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். உமையாள்மேல் அவளுக்குப் பிரியம் உண்டு. ராக்கு பிள்ளை பெற்றுக் கிடந்தபோது காலனிக்குக் கஞ்சி கொடுத்தனுப்பியவள் அந்த அம்மாள்.

அந்த வாரத்திலேயே ராமசுப்பிரமணியன் ஒரு பத்திர வேலையாக ராமநாதபுரம் போனார். காலை பஸ்ஸில் போனால் சாயந்தர பஸ்ஸில்தான் வருவார். உமையாள் ராக்குவை அனுப்பிச் சின்னச்சாமியைக் கூப்பிட்டாள். அவன் வழக்கம்போலச் சன்னலுக்கு வெளியே போய் நின்றான்.

"அங்கன நின்னு என்னத்தப் பாக்கப் போற? உள்ள வாப்பா."

"அம்மா, அய்யாவுக்குத் தெரிஞ்சா..."

"அடுப்படி என்னுது. நான் சொல்றேன், வா."

பெரியபட்டினத்தில் லத்தீபா என்கிற முஸ்லிம் அம்மாள் வீட்டு அடுப்படியில் நின்று வயர் மாட்டிக்கொண்டே அவன் தேத்தண்ணி குடித்திருக்கிறான். ராமேஸ்வரம் லாட்ஜுகளில் அவன் காலடி படாத அறை கிடையாது. தன் சொந்த ஊரில் ஒரு படி ஏற மட்டும் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். வேட்டி நுனியால் பாதத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

டெஸ்டரை எடுத்து மெஷினின் இரும்பில் வைத்தான். அதன் பிடியிலிருந்த பொடி விளக்கு செக்கச்செவேலென்று எரிந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு வைத்தான். அப்போதும் எரிந்தது. முன்வாசலுக்கு ஓடி பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, சுவிட்சைத் திறந்தான். சிவப்பு வயர் நேரே மெஷினுக்குப் போயிருந்தது. சுவிட்சு அறுத்துக்கொண்டிருந்ததோ கறுப்பை. ஆளைக் காப்பாற்ற வேண்டிய பச்சை வயர் எதிலும் சேராமல், சுருட்டி மரப்பெட்டிக்குள் திணிக்கப்பட்டிருந்தது. இதைத்தான் அன்றைக்கு ஆச்சு ஆச்சு என்றாரா அந்த மனிதர்? சின்னச்சாமிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அம்மா, சுவிச்ச அமத்துனாலும் இதுல கரண்டு நிக்கிது. மெசினு உள்ளுக்குள்ள ஈரம் கோத்து இரும்புக்கும் பாயுது. ஈரத் தரையில நின்னு தொட்டீகன்னா கைய விடாது. ஆள முடிச்சிரும்."

உமையாள் மெஷினைவிட்டுத் தள்ளி நின்றாள். "அப்ப இத்தன நாளா?"

"தரை காஞ்சு கெடந்துச்சு. அதுவும் நீங்க பலகையில உக்காந்து ஆட்டுனீக. அதான் தப்புனீக."

"தண்ணியில்லாத ஊருல வாக்கப்பட்டதும் நல்லதுக்குத்தேன் போல" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "மாத்திருப்பா. இப்பவே மாத்திரு."

பச்சை வயரை இழுத்துப் பார்த்தான். மெஷின் வரைக்கும் எட்டவில்லை. எட்டாததால்தான் அவர் சுருட்டித் திணித்திருக்கிறார். வேறு துண்டு பையில் இல்லை. சரி, சிவப்பையும் கறுப்பையுமாவது மாற்றுவோம் என்று திருப்புளியை எடுத்தான். அந்த நேரம் பார்த்துக் கண்மாய்க்கரையில் பஸ் ஆரன் அடித்தது. சாயந்தரம் வரவேண்டியவர் வேலை நடக்காமல் மதியமே திரும்பியிருந்தார்.

"ஏங்க, அய்யா எறங்கிட்டாரு! வெரசா வாங்க!" என்று ராக்கு தொழுவத்திலிருந்து கத்தினாள்.

சின்னச்சாமி அவசரமாகச் சுவிட்சை மூடினான்.

"பீஸைப் போட்டுருப்பா" என்றாள் உமையாள்.

"அது மட்டும் வேணாம்மா. அது எங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு அய்யா களத்துக்குப் போனதும் வந்து எல்லாத்தையும் மாத்திப்புட்டுப் போடுறேன்."

"லைட்டு எரியலேன்னா ஏன்னு கேப்பாரு. மெயினைப் பாப்பாரு. நீ உள்ள வந்தது தெரிஞ்சா ஒன்னையும் ஊருல வைக்க மாட்டாரு, என்னையும் வீட்டுல வைக்க மாட்டாரு. மெசினை நான் தொடவே மாட்டேன். சாமி சத்தியமா தொட மாட்டேன். போட்டுட்டுப் போயிரு."

பெரிய வீட்டு அம்மாள் ஒருத்தி தன்முன் கெஞ்சி நிற்பதை அவனால் பார்க்க முடியவில்லை. அவனுக்கும் பயம்தான். அவளுக்காகப் பயந்தது பாதி, தனக்காகப் பயந்தது பாதி. முன்வாசலுக்கு ஓடி பீஸைச் செருகிவிட்டு, வேலிப்பக்கமாக இறங்கி வீட்டுக்குப் போனான்.

காலனிக்குள் நுழையும்போது சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். டெஸ்டர் இல்லை. மெஷின் மூடிமேல் வைத்தது வைத்தபடியே இருக்கும். அய்யோ! திரும்பிப் போகவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. பச்சை வயர்த் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான்.

ராமசுப்பிரமணியன் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவர், டெஸ்டரைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அக்கம்பக்கம் வந்திருக்கும், ஏதாவது நடந்து தடைபட்டிருக்கும். மெதுவாகத்தான் பேசினார். பின்வாசலுக்கு வந்து, "ராக்கு, குடத்துல தண்ணி கொண்டா. இருக்கிற தண்ணியெல்லாம் கொண்டா" என்றார். எதற்கு என்று ராக்கு கேட்கவில்லை. அந்த வீட்டில் அவள் எதையும் கேட்டு வழக்கமில்லை. காலையில் ஊற்றில் காத்துக் கிடந்து தான் சுமந்து வந்த தண்ணீரைக் குடம் குடமாகப் பின்வாசல் படியில் வைத்தாள். அவள் தொட்ட தண்ணீர் அந்த வீட்டில் குடிக்கத்தான் ஆகாது, கழுவ ஆகும். உமையாள் உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். தன் புருசன் கால் வைத்த இடத்தைக் கழுவத்தான் அந்தத் தண்ணீர் என்று அப்போது ராக்குவுக்குத் தெரியாது.

உள்ளே பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டது.

"தரையோட விட்டா எப்பிடி? மெசினையும் கழுவு. அவன் கை பட்டிருக்கும்."

"அதத் தொடக்கூடாதாம்ங்க."

"சுவிச்ச அமத்திட்டேன். கழுவு."

"அமத்துனாலும் அதுல கரண்டு நிக்கிமாம்."

"எவன் சொன்னான்?"

உமையாள் தரையைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"நான் போட்ட லைனு. நான் அமத்திட்டேங்கிறேன். எவனோ ஒருத்தன் சொன்னது ஒனக்குப் பெருசாப் போச்சோ?"

பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு செம்பு விழுந்து உருண்டது.

ராக்கு காலனிக்கு ஓடிவந்து சொல்ல வாயெடுத்தாள். சொல்லி முடிக்கும்வரை சின்னச்சாமி நிற்கவில்லை. கருவமுள் குத்தியதுகூடத் தெரியாமல் குறுக்கே ஓடி, பெரிய வீட்டு முன்வாசலில் ஏறி பீஸைப் பிடுங்கினான். உள்ளே அடுப்படியில் எரிந்த பல்பு அணைந்தது. அதற்கப்புறம்தான், அதுவரை கல்லாய் நின்றிருந்த ராமசுப்பிரமணியன், "உமையா, உமையா" என்று அலறியது தெருவுக்குக் கேட்டது. எல்லாம் முடிந்திருந்தது.

போலீஸ், கீலீஸ் என்று யாரும் போகவில்லை. பெரிய வீட்டுச் சாவு பெரிய வீட்டோடு அடங்கியது. தலையெழுத்து என்றார்கள் சிலர். காலனிக்காரன் போட்ட லைன், விளங்குமா என்றார்கள் பலர். ராமசுப்பிரமணியன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது. சின்னச்சாமியை எந்த ஊரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

"நான் அங்கன போயி எல்லார் முன்னாடியும் சொல்லிப்புடுறேன் ராக்கு. யாரு மாட்டுன லைனுன்னு கேக்கட்டும்" என்று ஒருநாள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தான்.

ராக்கு கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பிடித் தெரியும்னு கேப்பாக. உள்ள போனேன்னு சொல்லுவீக. யாரு கூப்புட்டான்னு கேப்பாக. ஆம்பள இல்லாத நேரத்துல ஒங்கள உள்ள கூப்புட்டாளாங்கிற பேச்சு வரும். செத்தவள நாறடிச்சுப்புடுவாக. வேணாங்க."

அவன் உட்கார்ந்தான். அன்றைக்கு அழுத அழுகையை ராக்கு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மறுவாரம் ராமேஸ்வரத்துக்கே போய், பழைய லாட்ஜில் வேலை கேட்கலாம் என்று முடிவு செய்தான்.

கருமாதி முடிந்து பெரிய வீட்டிலிருந்து அவனைக் கூப்பிட ஆள் வந்தது. ராமசுப்பிரமணியனின் அக்காள் பிச்சையம்மாள் அப்போது அங்கே வந்து இருந்தாள். அந்த அடுப்படிக்குள் போகப் பயந்து, பின்வாசலில் மூன்று கல்லைக் கூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தாள். மெஷினையும் லைனையும் கழற்றி எறிந்தால்தான் உள்ளே காலெடுத்து வைப்பேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

சின்னச்சாமி போனான். முதல் வேலையாக, முன்வாசலில் யாரோ திரும்பச் செருகியிருந்த பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டான். பிறகு கால் பழக்கத்தில் வீட்டைச் சுற்றி வந்து, சன்னலுக்கு வெளியே நின்றான். அடுப்படி வாசலில் ராமசுப்பிரமணியன் நின்றுகொண்டிருந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார்.

"நீங்க முக்காலியில ஏறுங்கய்யா. நான் சொல்றேன்" என்றான் சின்னச்சாமி. வேண்டுமென்றுதான் சொன்னான். சொன்ன பிறகு அவனுக்கே கஷ்டமாக இருந்தது.

அவர் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். நடுங்கிக்கொண்டிருந்தன. "என்னால ஏலாதுலே. நீயே உள்ள வா."

உள்ளே போனான். சுவிட்சைத் திறந்தான். சிவப்பு, கறுப்பு, சுருட்டிய பச்சை எல்லாம் அன்றைக்கு அவன் பார்த்தபடியே இருந்தன. ராமசுப்பிரமணியன் கிட்டத்தில் வந்து பார்த்தார். நீண்ட நேரம் பச்சை வயரையே பார்த்தார்.

"இதுதேன் ஆளக் காப்பாத்துறதுன்னு சொன்னியா?"

"ஆமாங்கய்யா."

"எட்டலடா" என்றார். "எட்டலன்னு ஒங்கிட்டச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

சின்னச்சாமி அந்தப் பச்சை வயரை இழுத்து நிமிர்த்தினான். ஒரு சாண் வயர். அன்றைக்கு அவனை உள்ளே விட்டிருந்தால் எண்ணும் நேரத்தில் ஒட்டுப்போட்டு முறுக்கியிருப்பான். வயரையெல்லாம் உருவிச் சுருட்டினான், சுவிட்சைக் கழற்றினான். மெஷினைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுபோய் வைத்தான். ராமசுப்பிரமணியன் இடுப்பிலிருந்து டெஸ்டரை எடுத்தார். அவன் கையை நீட்டினான். அவர் குனிந்து அதைத் தரையில் வைத்தார். அவன் குனிந்து எடுத்துக்கொண்டான்.

பின்வாசல் வழியாக இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் பிச்சையம்மாளின் குரல் கேட்டது.

"ஏ ராக்கு, ரெண்டு கொடம் தண்ணி கொண்டா. அடுப்படியக் கழுவி விட்டுத்தேன் உள்ள பொழங்கணும்."

ராமசுப்பிரமணியன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு கழுவுவதற்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினார்.

ராக்கு இடுப்பில் குடத்தோடு படிக்குக் கீழே அசையாமல் நின்றாள். அவள் கண் சின்னச்சாமியின் முகத்தில் இருந்தது. இந்தமுறை எதற்குத் தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"கொண்டுபோயி வையி ராக்கு" என்றான். "பயமில்ல. பீஸு எங்கிட்ட இருக்கு."